வீடு மாறுகிறீர்களா? வளர்த்த நாயை நடுரோட்டில் விட்டு விடாதீர்கள்!

சாமான்கள் எல்லாம் லாரியில் ஏறி விட்டன. கட்டில், பீரோ, கியாஸ் அடுப்பு, துளசிச் செடி கூட ஏறி விட்டது. பாட்டி முன் சீட்டில் உட்கார்ந்து விட்டார். லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து வாலை ஆட்டுகிறது ஒரு ஜீவன். அதற்கு மட்டும் இடம் இல்லை!

மாதனூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்தில் குடும்பங்கள் ஊர் மாறுவது புதிது அல்ல. தோல் ஷாப்பில் வேலை குறைந்தால் வேறு ஊர். ஷூ கம்பெனியில் கூடுதல் சம்பளம் என்றால் ராணிப்பேட்டை. பையனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்து விட்டால் குடும்பமே ரெயில் ஏறி விடும்.

இங்கே ஓட்டு வீடு, வாசலில் வேப்ப மரம். போகிற இடத்தில் 2-வது மாடி, ஒரு ரூம், ஒரு கிச்சன். வீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பேர்?" இரண்டாவது கேள்வி, "நாய் கீய் இருக்கா?"

அடுக்குமாடி குடியிருப்பு சங்கங்கள் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று பிராணிகள் நல வாரியம் 2015-ம் ஆண்டில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அந்தக் காகிதத்தைக் காட்டி வாடகை வீடு வாங்கி விட முடியுமா? "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி விட்டு வேறு ஆளுக்கு வீட்டை விட்டு விடுவார்.

ஆகவே நாயை விட்டுப் பிரிய வேண்டிய நிலைமை வருகிறது. அது தப்பு என்று யாரும் சொல்ல வில்லை. எப்படிப் பிரிகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கோணிப்பை யோசனை

கிராமங்களில் பழைய யோசனை ஒன்று உண்டு. நாயை கோணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து, ஆற்றுக்கு அந்தண்டை கொண்டு போய் அவிழ்த்து விடுவது. கோணிக்குள் இருந்தால் வழி தெரியாதாம்!

நாய்க்கு வழி காட்டுவது கண் மட்டுமா? மூக்கு எதற்கு இருக்கிறது? பாலாற்றில் வருஷத்தில் பல மாதம் மணல்தான். இறங்கி நடந்தே வந்து விடும். 2021 நவம்பரில் மாதனூர் தரைப்பாலத்தையே அடித்துக் கொண்டு போன வெள்ளம் மாதிரி வந்தால்தான் அதற்குத் தடை.

அமெரிக்காவில் 'பாபி' என்று ஒரு நாய். 1923-ம் ஆண்டு அதன் வீட்டுக்காரர்கள் இண்டியானா மாநிலத்துக்கு காரில் போன போது அது தொலைந்து போயிற்று. தேடிப் பார்த்தார்கள். கிடைக்க வில்லை. ஓரிகன் மாநிலத்தில் உள்ள சொந்த ஊருக்குத் திரும்பி விட்டார்கள். 6 மாதம் கழித்து, 1924 பிப்ரவரியில், பாபி வீட்டு வாசலில் வந்து நின்றது! சுமார் 4 ஆயிரம் கிலோ மீட்டர் தூரம்! உடம்பு எலும்பும் தோலுமாக, நகம் எல்லாம் தேய்ந்து போய் இருந்தது.

பாபி மாதிரி எல்லா நாயும் ஊர் வந்து சேர்ந்து விடாது. மாதனூரை ஒட்டியே சென்னை - பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை போகிறது. ராத்திரி 2 மணிக்கும் லாரி நிற்காது. வீட்டு வாசலில் வளர்ந்த நாய்க்கு ரோட்டைத் தாண்டத் தெரியாது.

பிரியாணி கடை வாசலில்...

இன்னொரு யோசனையும் சொல்வார்கள். "ஆம்பூரு பிரியாணி கடையாண்ட வுட்டுட்டு வந்துடு. தினம் எலும்பு கிடைக்கும். ராஜா மாதிரி இருந்துக்கும்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. வெந்த கோழி எலும்பு ஈட்டி மாதிரி பிளக்கும். தொண்டையிலும் குடலிலும் குத்தும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. அளவு மீறினால் ரத்தமே கெட்டு விடும். பிரியாணியில் என்ன இருக்கிறது, வெங்காயம் இல்லாமலா?

அதை விடுங்கள். அந்தக் கடை வாசலில் ஏற்கெனவே 5, 6 நாய்கள் இருக்குமே! அது அவற்றின் எல்லை. புதிதாக வந்த நாயை அவை சும்மா விடுமா? அடி, கடி எல்லாம் வாங்கிக் கொண்டு ஓட வேண்டியதுதான். கழுத்தில் பட்டையோடு, நிற்கிற ஒவ்வொரு காரிடமும் ஓடிப் போய் முகர்ந்து பார்க்கிற நாயை நெடுஞ்சாலையில் நீங்களே பார்த்து இருப்பீர்கள். எதைத் தேடுகிறது என்று சொல்ல வேண்டுமா?

கழுத்தில் கடிதம்!

2019-ம் ஆண்டு ஜூலை மாதம் திருவனந்தபுரத்தில் நடந்த சம்பவம் நாடு முழுவதும் பேசப்பட்டது. அங்கு சாக்கை என்ற இடத்தில் ஒரு கடை வளாகத்தின் வாசலில் வெள்ளை வெளேர் என்று ஒரு பொமரேனியன் நாய் அனாதையாக நின்றது. கழுத்துப் பட்டையில் ஒரு கடிதம்!

நல்ல ஜாதி நாய், நல்ல பழக்கம், அதிக சாப்பாடு கேட்காது, நோய் எதுவும் கிடையாது என்று அதில் எழுதி இருந்தது. 5 நாளைக்கு ஒரு முறை குளிப்பாட்டுவோம், குரைப்பது மட்டும்தான் தொல்லை, 3 வருஷத்தில் யாரையும் கடித்தது இல்லை, பால், பிஸ்கட், பச்சை முட்டை சாப்பிடும் என்ற விவரமும் இருந்தது. கடைசியாக, ஏன் விட்டு விட்டோம் என்ற காரணம். பக்கத்து நாயுடன் அதற்கு 'கள்ளத்தொடர்பு' ஏற்பட்டு விட்டதாம்!

பீப்பிள் பார் அனிமல்ஸ் என்ற அமைப்பைச் சேர்ந்த தொண்டர் வந்து அந்த நாயை மீட்டுக் கொண்டு போனார். நாடே சிரித்தது. கோபப்பட்டது. நாய்க்கு என்ன கள்ளத்தொடர்பு, நல்ல தொடர்பு என்று கேலி செய்தார்கள்.

ஆனால் அந்தக் கடிதத்தை மறுபடி ஒரு தடவை படித்துப் பாருங்கள். எழுதியவருக்கு அந்த நாயைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை. என்ன சாப்பிடும், எத்தனை நாளைக்கு ஒரு முறை குளியல், என்ன தொல்லை, கடிக்குமா, கடிக்காதா... புது வீட்டுக்காரருக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ எல்லாமே இருக்கிறது! 3 வருஷம் நன்றாகத்தான் வளர்த்து இருக்கிறார். அதே கடிதத்தை ஒரு மனிதர் கையில் கொடுத்து, நாயையும் அவர் கையில் கொடுத்து இருந்தால் அது செய்தியே ஆகி இருக்காது. குட்டி போடும் என்று பயம் இருந்தால் கால்நடை டாக்டரிடம் ஒரு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். முடிந்தது விஷயம்.

கேரளத்துக்காரரைச் சொல்லி என்ன பிரயோசனம்? நம் ஊரில் பெட்டை நாய் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இல்லையா? குட்டிகளை அட்டைப் பெட்டியில் போட்டு குப்பைத் தொட்டி ஓரம் வைத்து விட்டுப் போகிறவர்கள் கடிதம் கூட எழுதுவது இல்லை.

அபராதம் 10 ரூபாய்

தகுந்த காரணம் இல்லாமல் பிராணியைக் கைவிட்டு விட்டுப் போவது குற்றம். 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்பு சட்டத்தின் 11-வது பிரிவு அப்படிச் சொல்கிறது.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி இருக்கிறார். கலாசேத்திரா நடனப் பள்ளியை நடத்திய ருக்மணி தேவி அருண்டேல்தான் அவர். டெல்லி மேல்-சபை உறுப்பினராக இருந்த போது, 1953-ல், பிராணிகள் வதையைத் தடுக்க ஒரு தனி நபர் மசோதா கொண்டு வந்தார். அரசாங்கமே சட்டம் கொண்டு வரும் என்று பிரதமர் நேரு உறுதி அளித்தார். மசோதாவை அம்மையார் வாபஸ் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவரும் அவரே.

சட்டம் சரி, தண்டனை எவ்வளவு தெரியுமா? முதல் தடவை என்றால் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம்! 3 வருஷத்துக்குள் மறுபடியும் செய்தால் 25 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை, அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 1960-ல் 50 ரூபாய் என்பது பெரிய தொகை. இன்று ஒரு பிளேட் பிரியாணி கூட அந்தக் காசுக்குக் கிடைக்காது.

டெல்லி தெரு நாய்கள் பற்றிய வழக்கில் 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. தெரு நாயைத் தத்து எடுக்க விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம். எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக் கொள்வது அவர்கள் பொறுப்பு என்று அதில் கூறப்பட்டு இருந்தது. தெருவில் பிறந்த நாய்க்கே அப்படி என்றால், வீட்டில் பிறந்து வளர்ந்த நாயைத் தெருவுக்கு அனுப்புகிறவரை என்ன சொல்வது?

புளூகிராசில் விட்டால் என்ன?

"சென்னைக்குப் போறப்ப புளூகிராசுல வுட்டுடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு.

புளூகிராஸ் பிறந்ததே 2 நாய்க்குட்டிகளால்தான். 1959-ல் சென்னையில் மழை வெள்ளம். தியாகராய நகரில் தண்ணீரில் தத்தளித்த 2 குட்டிகளை விமானி கேப்டன் வி.சுந்தரம் தூக்கிக் கொண்டு வீட்டுக்குப் போனார். அப்படி ஆரம்பித்த அமைப்பு அது.

ஆனால் காப்பகம் என்பது அடிபட்ட, நோய்ப்பட்ட, நாதி இல்லாத பிராணிகளுக்கு. அங்கே எப்போதும் இடப் பற்றாக்குறைதான். வாசலில் தனி ராஜாவாக இருந்த நாயை நூற்றுக்கணக்கான நாய்களின் நடுவில் விட்டால் சாப்பாட்டைத் தொடாமல் மூலையில் படுத்துக் கொள்ளும். தொற்று நோய் பயமும் உண்டு. வேறு வழியே இல்லை என்றால் போகலாம். முதல் வழியாக அதை நினைக்கக் கூடாது.

யாரிடம் கொடுப்பது?

வீடு காலி செய்ய ஒரு மாதம் இருக்கும் போதே தேட ஆரம்பித்து விட வேண்டும். லாரி வந்து நிற்கிற அன்று தேடினால் கிடைப்பவர் கையில் தள்ளி விடத்தான் தோன்றும்.

முதலில் அக்கம்பக்கம் பாருங்கள். நீங்கள் ஊருக்குப் போன நாட்களில் நாய்க்கு சோறு வைத்தவர் யார்? பால் ஊற்ற வருகிறவரைக் கண்டால் வாலை ஆட்டுகிறதா? தெருக்கோடி டெய்லரின் கடை வாசலில் போய்ப் படுக்கிறதா? நாய் தானாகவே ஓர் ஆளைப் பிடித்து வைத்து இருக்கும். நாம்தான் கவனித்து இருக்க மாட்டோம். அந்த ஆள் ஒப்புக் கொண்டால் அதை விட நல்ல இடம் வேறு இல்லை.

அப்படி யாரும் இல்லையா? டீக்கடையிலும், பால் சொசைட்டியிலும், கால்நடை மருந்தகத்திலும் சொல்லி வையுங்கள். சுற்று வட்டாரத்தில் தென்னந்தோப்பும் கொல்லையும் நிறைய இருக்கின்றன. பம்பு செட்டுக்குக் காவல் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இருப்பார்கள்.

ஆனால் இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். "காவலுக்கு வேணும்" என்று கேட்கிறவர் நாயை எங்கே கட்டுவார்? நிழல் இருக்கிறதா? ராத்திரி பக்கத்தில் ஆள் படுக்கிறார்களா? வாரத்துக்கு ஒரு நாள் வந்து பார்க்கிற தோப்பா, தினமும் குடியிருக்கிற தோப்பா? 4 அடி சங்கிலியில் வேலூர் பக்கத்து சித்திரை வெயிலில் கட்டிப் போட்டால், அதற்கு தெருவே மேல் என்று ஆகி விடும். வாயால் சொல்வதை நம்பாமல் ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்து விட்டு வாருங்கள். பஸ்சுக்கு ஆகிற காசு பெரிது அல்ல.

காசு வேண்டாம், நாயை எடுத்துப் போனால் போதும் என்கிற போது வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருந்து விட மாட்டார்கள். பெட்டை நாயைக் கேட்டு வாங்கிப் போய் வருஷா வருஷம் குட்டி போட வைத்து விற்பவர்களும் உண்டு. ஆபரேஷன் செய்து விட்டே கொடுங்கள். அப்போது அப்படிப்பட்டவர்கள் தாமாகவே விலகிப் போவார்கள்.

வெளிநாட்டு ஜாதி நாய் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2003-ல் ஹட்ச் டெலிபோன் கம்பெனி விளம்பரத்தில் வந்த 'பக்' நாயைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். மூக்கு சப்பை. வெயிலில் மூச்சு வாங்கும். பனிப் பிரதேசத்து ஹஸ்கியை வெயிலூரில் வளர்ப்பது அதை விடக் கொடுமை. தமிழக அரசின் 2024-ம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கையில் பக், ஹஸ்கி உள்பட 11 வெளிநாட்டு இனங்களைப் பெருக்கத் தடை விதிக்கப்பட்டு இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே பிறந்து விட்டவற்றுக்கு வீடு வேண்டுமே! மின் விசிறியின் கீழ், வீட்டுக்குள்ளேயே வைத்துக் கொள்ள ஒப்புக் கொள்கிறவரிடம்தான் அவற்றைக் கொடுக்க வேண்டும்.

ராஜபாளையம் நாய் வேறு ரகம். 2005-ல் தபால் தலையில் இடம் பிடித்த பெருமை அதற்கு உண்டு. ஆனால் ஒரே ஆளிடம் ஒட்டிக் கொள்ளும். புது ஆளைச் சுலபத்தில் ஏற்காது. வாங்கிக் கொள்கிறவர் நாலைந்து தடவை வீட்டுக்கு வந்து, தன் கையால் சோறு போட்டுப் பழகிய பிறகே அழைத்துப் போக வேண்டும்.

குறையை மறைக்காதீர்கள்

திருவனந்தபுரம் கடிதக்காரர் செய்த ஒரே நல்ல காரியம், குரைக்கும் என்பதை மறைக்காமல் எழுதியது. கல்யாணத் தரகர் மாதிரி "தங்கமான நாய்ங்க" என்று மட்டும் சொல்லி விட்டு வந்தால் என்ன நடக்கும்? பட்டாசு வெடித்தால் ஓடி விடும் என்று சொல்லாமல் கொடுத்த நாய், முதல் தீபாவளியிலேயே காணாமல் போகும். கோழியைப் பிடிக்கும் என்று சொல்லாமல் கொடுத்த நாய், 2-வது நாளே ரோட்டுக்கு வரும். யாரையாவது கடித்து இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கலாம்.

நம் பக்கத்தில் இன்னும் ஒரு சங்கதி உண்டு. இங்கே ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கு அடுத்த வீட்டில் உருது. உங்கள் நாய் "வா", "போ", "கம்முனு படு" என்ற வார்த்தைகளில் வளர்ந்தது. அதைக் கொண்டு போய்க் கொடுக்கிற வீட்டில் "ஆவ்" என்று கூப்பிட்டால் அது விழித்துக் கொண்டு நிற்கும். "சொன்ன பேச்சு கேக்கல" என்று அடி விழும். எந்த வார்த்தைக்கு என்ன செய்யும் என்று சொல்லிக் கொடுத்து விட்டு வாருங்கள். பெயரையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

கூடவே கொடுக்க வேண்டியவை: தினமும் சாப்பிட்ட தட்டு, படுத்த சாக்கு, சங்கிலி, தடுப்பூசி அட்டை. சாக்கைத் துவைத்துக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கிற பழைய வாசனைதான் புது இடத்தில் அதற்குத் தைரியம்.

வெறிநாய்க்கடி தடுப்பூசி 3 மாதக் குட்டியில் ஒரு முறை, பிறகு ஒவ்வொரு வருஷமும் போட வேண்டும். நோய் முற்றி விட்டால் மனிதனைக் காப்பாற்ற மருந்து இல்லை. ஊசி தவறி இருந்தால் போட்டு விட்டே கொடுங்கள். உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28-ந் தேதியை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள்.

கிழட்டு நாய்க்கு யார் இடம் கொடுப்பார்?

இது கொஞ்சம் கஷ்டமான கேள்விதான். குட்டிக்கு 10 பேர் கை நீட்டுவார்கள். 10 வயது நாய்க்கு ஒருவரும் வர மாட்டார்.

2019 நவம்பரில் டெல்லியில் ஒரு விழா நடந்தது. மெட்ரோ ரெயில் நிலையங்களில் வெடிகுண்டு மோப்பம் பிடித்த மத்திய தொழில் பாதுகாப்பு படை நாய்கள் 7-க்கு பணி ஓய்வு. மனிதர்களுக்குச் செய்வது போலவே பிரிவு உபசாரம், பதக்கம், சான்றிதழ் எல்லாம் கொடுத்து, ஒரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். சர்க்கார் நாய்க்கு அந்த மரியாதை. 10 வருஷம் உங்கள் வாசலைக் காத்த நாய்க்கு பதக்கம் வேண்டாம். முடிந்த வரையில் அதைக் கூடவே அழைத்துப் போகப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை பேசிப் பாருங்கள். கீழ் வீடாகப் பாருங்கள். இன்னும் 2, 3 வருஷம்தானே!

2022-ல் உக்ரைன் யுத்தம் மூண்ட போது மயிலாடுதுறையைச் சேர்ந்த மருத்துவ மாணவி ஒருவர் தன் செல்ல நாயை விட்டு விட்டு விமானம் ஏற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அழைப்பு வந்தும் மறுத்தார். மத்திய அரசு விதியைத் தளர்த்திய பிறகு நாயுடன் ஊர் வந்து சேர்ந்தார். குண்டு விழுகிற இடத்தில் இருந்தே கொண்டு வர முடிந்தது. மாதனூரில் இருந்து ஓசூர் எவ்வளவு தூரம்?

முதல் 2 வாரம்

நாயைக் கொண்டு போய் விடுகிற அன்று காலையிலேயே போய் விடுங்கள். பகலில் இடத்தைச் சுற்றிப் பார்த்து முகர்ந்து கொள்ள அதற்கு நேரம் கிடைக்கும். சாயங்காலம் விட்டு விட்டு வந்தால் ராத்திரி முழுக்க ஊளை இடும். பக்கத்து வீட்டுக்காரர் கல் எடுப்பார்.

முதல் 2, 3 வாரம் கேட்டை மூடியே வைத்து இருக்கச் சொல்லுங்கள். வெளியே போனால் சங்கிலியோடுதான். பழைய வீடு பக்கத்து ஊர் என்றால் ஓடி வரப் பார்க்கும். ஓடி வந்து பூட்டிய கதவின் முன்னால் படுத்துக் கொள்ளும். அதனால் பழைய தெருவில் 2 பேரிடம் புது வீட்டுக்காரரின் போன் நம்பரைக் கொடுத்து வைத்து விட்டுப் போங்கள்.

போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால், உடனே வேண்டாம். நீங்கள் வந்து விட்டுத் திரும்பினால் அது முதலில் இருந்து ஏங்க ஆரம்பிக்கும். ஒரு மாதம் போகட்டும். போனில் விசாரித்துக் கொள்ளுங்கள். பிள்ளைகள் அழுவார்கள். "தோட்டத்துக்குப் போய் இருக்கு, வந்துடும்" என்று பொய் சொல்ல வேண்டாம். கொடுக்கப் போகும் போது அவர்களையும் அழைத்துப் போங்கள். எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து விட்டால் பாதி அழுகை குறையும்.

முதல் நாள் ராத்திரி புது வீட்டில் இருந்து போன் வரும். "சோத்த வச்சா மோந்துகூட பாக்கல சார்" என்பார். அதற்காகப் பயந்து ஓடிப் போய் விடாதீர்கள். தண்ணீர் குடித்ததா என்று கேளுங்கள். குடித்தது என்றால் சரி, மறுநாள் சாயங்காலத்துக்குள் சோறும் தின்றுவிடும். ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரையும் தொடவில்லை என்றால் மட்டும் கால்நடை டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் செலவை நீங்களே கொடுத்து விடுவதாகவும் சொல்லி விடுங்கள்.